தாவுக்கும் பழூருக்கும் நடுவில் ஒரு புள்ளி

தா.பழூர் என்ற பெயரைக் கம்ப்யூட்டரில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து கொள்ளிடத்தை நோக்கிப் போகிற சாலையில் இருக்கிற ஊர் அது. இன்னும் தெற்கே போனால் மதனத்தூர்ப் பாலம், அக்கரையில் நீலத்தநல்லூர், பிறகு கும்பகோணம். அந்த ஊரில் என் நண்பர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சிறுபத்திரிகைகளில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு கட்டுரை எழுதுவார். அதையும் அச்சாவதற்கு முன் திருப்பி வாங்கிக்கொள்வார். சென்ற ஆண்டு இறந்துபோனார். செங்கணத்தைப் பற்றி, அதாவது பதினாறு வயதுகூட நிரம்பாத சாமிநாதையர் அங்கே விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டதைப் பற்றி, ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார். ஒரு மாலையில் எனக்கு வாசித்தும் காட்டினார். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

அவர் கடைசியில் எழுதிக்கொண்டிருந்தது பேத்தியின் லாப்டாப்பில். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே, அந்த வகை. அவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில் உருவாக்கியது. பெரும்பாலான வீடுகளில் அந்த லினக்ஸை யாரும் திறந்ததில்லை. இவர் வீட்டில் விண்டோஸ் கெட்டுப்போனதால் திறந்தார்கள். திறந்தவர் அதிலேயே தங்கிவிட்டார். கறுப்புத் திரையில் கட்டளை எழுதித் தேடுவது அவருக்குப் பிடித்திருந்தது. “இதுவும் சூத்திரம்தானய்யா, உரையில்லாத சூத்திரம்” என்பார்.

முதலில் நான் ஊரின் பெயரையே தேடினேன். கிரெப் என்ற கட்டளைக்குத் தா.பழூர் என்று கொடுத்தேன். ‘தா.பழூர்’ வந்தது, ‘தா பழூர்’ என்று இடைவெளி விட்டு எழுதியதும் வந்தது. ‘தா. பழூர்’ என்று புள்ளியும் இடைவெளியும் சேர்ந்திருந்தது வரவில்லை. காரணம் எளிது. கிரெப்பின் மொழியில் புள்ளி என்றால் புள்ளியல்ல. ஏதாவது ஓர் எழுத்து என்று அர்த்தம். நாம் தலைப்பெழுத்துக்குப் பின்னால் பழக்கத்தால் வைக்கிற புள்ளியை அது ஒரு கேள்வியாக வாசிக்கிறது. தாவுக்கும் பழூருக்கும் நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம்.

*

இந்தப் புள்ளிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது இலக்கியத்தை உரசிக்கொண்டு போகிற சரித்திரம். 1943ல் மக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் நரம்பணுக்களின் வலையைக் கணிதமாக எழுத முயன்றார்கள். 1951ல் ஸ்டீபன் கிளீனி என்ற தர்க்கவியலாளர், அப்படிப்பட்ட வலையொன்று எந்தெந்த நிகழ்ச்சித் தொடர்களை அடையாளம் காணமுடியும் என்று ஆராய்ந்து அதற்கென ஒரு குறியீட்டு மொழியை வகுத்தார். மூளை எதை அடையாளம் காணும் என்ற கேள்வி, 1968ல் கென் தாம்ஸன் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு நீண்ட எழுத்து வரிசைக்குள் நாம் சொல்லும் வடிவத்தை யந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்ற கேள்வியாக மாறிற்று. தாம்ஸன் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்துக்காரர். 1969ல் யூனிக்ஸைத் தொடங்கியவர்களில் முதல்வர்.

யூனிக்ஸில் எழுதித் திருத்துவதற்கு ‘எட்’ என்ற நிரல் இருந்தது. அதற்குள்ளேயே தேடும் வசதியும் உண்டு. ஆனால் அது ஒரு பிரதியை முழுக்க நினைவில் ஏற்றிக்கொண்டுதான் வேலை செய்யும். அந்தக் காலத்து யந்திரத்தின் நினைவோ இன்று ஒரு கல்யாணப் போட்டோவுக்குப் போதாது. அங்கே லீ மக்மஹோன் என்றொருவர் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1787, 88ல் அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு ஆதரவாக, பப்ளியஸ் என்ற ஒரே புனைபெயரில் மூன்று பேர் எழுதிய 85 கட்டுரைகள். அவற்றில் 12 கட்டுரைகள் ஹாமில்டன் எழுதியவையா, மேடிஸன் எழுதியவையா என்று பல காலமாகத் தகராறு. அந்தப் பிரதி எட்டுக்குள் அடங்கவில்லை. தாம்ஸன் தேடும் பகுதியை மட்டும் அறுத்தெடுத்துத் தனி நிரலாக்கினார். வரி வரியாகப் படிக்கும், பொருந்திய வரியைச் சொல்லும், மற்றதை மறந்துவிடும். எட்டில் அந்த வேலைக்கு எழுதவேண்டிய கட்டளையின் எழுத்துக்களைச் சேர்த்து உச்சரித்தால் கிரெப். 1973லிருந்து யூனிக்ஸின் கையேட்டில் அது இருக்கிறது.

இந்த யந்திரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று உலகத்தில் எத்தனையோ கோடி யந்திரங்களில் இருக்கிற ஒரு கருவிக்கு ‘இதை எழுதியது யார்’ என்ற பழைய விமர்சனக் கேள்வி மருத்துவச்சியாக இருந்திருக்கிறது. ஒளவையார் எத்தனை பேர், கம்பன் பாட்டில் மிகை எது என்றெல்லாம் நாம் சுவையுணர்வை மட்டும் நம்பிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற கேள்விகளும் இந்த ஜாதிதான். ஃபெடரலிஸ்ட் தகராறை 1964ல் மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இருவர் மேடிஸன் பக்கம் சாய்த்தபோது, அவர்கள் எண்ணிப் பார்த்தது பெரிய வார்த்தைகளையல்ல. யாரும் கவனிக்காத, எழுதுகிறவனே கவனிக்காத, சின்னச் சின்ன இடைச்சொற்களை. நடை என்பது அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பதை நம் விமர்சகர்கள் ஒப்புக்கொள்ள நாளாகும்.

*

கிரெப் எழுத்தைத் தேடுவது. ஃபைண்ட் என்பது வேறு. அது ஃபைலைத் தேடுவது. டிக் ஹைட் என்பவர் எழுபதுகளில் எழுதியது. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னால் அந்த இடத்திலிருந்து ஒவ்வொரு அறையாக, அறைக்குள் அறையாக நடந்து போகும். பெயர் இப்படி இருக்கவேண்டும், இத்தனை நாளுக்குள் திருத்தப்பட்டிருக்க வேண்டும், இவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை போடலாம். மெதுவானது, ஆனால் பொய் சொல்லாது. இப்போது இருப்பதை மட்டும்தான் சொல்லும்.

இந்த வித்தியாசம் நமக்குப் புதிதல்ல. சாமிநாதையர் சீவக சிந்தாமணியோடு மல்லாடிய கதையை எல்லோரும் படித்திருக்கிறோம். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிறார். படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்குகிறார். முதலியார் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டுவிடுகிறார். அதன் பிறகு ஏடும் உரையும் கையுமாக உட்கார்ந்தால் நச்சினார்க்கினியர் பெரிய சோதனையாக இருக்கிறார். உரை நடுவே ஒரு வரியை மேற்கோளாகத் தருவார், ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிடுவார். யார் அந்தப் பிறர்? எந்த நூல்? சொல்லமாட்டார். அவர் காலத்து மாணாக்கனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐயரிடம் எழுத்து வரிசை இருக்கிறது, ஃபைல் எது என்று தெரியாது. இது சுத்தமான கிரெப் பிரச்னை. திருவாவடுதுறை மடத்து ஏட்டுக் கட்டுகளில் எட்டுத்தொகையைப் பார்த்த பிறகே அந்த அனாதை வரிகளுக்கு வீடு கிடைக்கிறது. பிறகு ஊர் ஊராகப் போய் வீடு வீடாக, பரண் பரணாகப் பார்த்தாரே, அது ஃபைண்ட்.

என் நண்பரின் கட்டுரையில் இருந்த ஒரு வாதம் எனக்கு நினைவிருக்கிறது. ஐயருடைய பதிப்புகளில் மூலத்தைவிடப் பெரிய சம்பவம் பின்னால் வருகிற அகராதிதான் என்பது. அது வந்த பிறகு ஒரு நூலை முழுக்கப் படிக்காமலே அதற்குள் நுழையலாம் என்றாயிற்று. அதோடு ஒரு வகையான படிப்பு செத்தது என்றார். முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. அரியலூரில் சடகோபையங்காரிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் ரெட்டியாரிடமும் பாடம் கேட்டு நெட்டுருப் போட்ட மண்டையால்தான் அந்த அகராதியைச் செய்ய முடிந்தது. பிறகு 1966ல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் சுப்பிரமணியனின் சொல்லடைவும், 1967 முதல் 70 வரை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மூன்று தொகுதிகளும் வந்தபோது மண்டை இல்லாமலே தேடலாம் என்ற நிலை வந்தது என்றால், அது வேறு விஷயம்.

*

காரிகை படித்தவனுக்குக் கிரெப்பின் புள்ளி புரிவதில் கஷ்டமில்லை. எதுகை என்பது என்ன? முதலெழுத்து எதுவானாலும் ஆகலாம், அளவில் ஒத்திருக்க வேண்டும். இரண்டாம் எழுத்து மாறக்கூடாது. ஒரு புள்ளி, அதன் பின் ஓர் எழுத்து. தா.பழூரிலிருந்து கொள்ளிடக் கரையோடு மேற்கே போனால் வருகிற ஏலாக்குறிச்சியில் பல காலம் இருந்தவர் பெஸ்கி என்ற வீரமாமுனிவர். 1732ல் அவர் சதுரகராதியைச் செய்தார், அச்சானது 1824ல். அதற்கு முன் நிகண்டுகள் இருந்தன, பாட்டாக. பாட்டை மனத்தில் ஓட்டித்தான் சொல்லைப் பிடிக்கவேண்டும். 1594ல் சிதம்பர ரேவணசித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையைக் கொண்டுவந்துவிட்டார் என்பதைப் பெஸ்கியைப் புகழ்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆனால் பெஸ்கி செய்தது வேறு. பெயர், பொருள், தொகை, தொடை என்று ஒரே சொற்கிடங்குக்கு நான்கு கதவு வைத்தார். சொல் தெரிந்தவனுக்கு ஒன்று, பொருள் மட்டும் தெரிந்தவனுக்கு ஒன்று, எத்தனை என்று மட்டும் தெரிந்தவனுக்கு ஒன்று, எதுகை மட்டும் காதில் ஒலித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒன்று. தேடுகிறவன் எதை மறந்திருக்கிறான் என்பதை வைத்து அகராதியை வகுத்த மனசு அது.

கிரெப் இந்த விஷயத்தில் பெஸ்கிக்குக் கீழேதான். ‘கற்று’ அதன் வலையில் விழும், ‘பெற்று’ விழாது. பெ என்பது நமக்கு ஓரெழுத்து; யந்திரத்துக்கு ப, அதன் பின் ஒரு கொம்பு, ஆக இரண்டு. ‘தாப்பழூர்’ என்று யாராவது எழுதியிருந்தால் என் புள்ளிக்கு அது அகப்படாது. ப் என்பதும் அதற்கு இரண்டு, அகரமேறிய ப, அதைக் கொல்ல ஒரு புள்ளி. தொல்காப்பியர் மெய்யை உடம்பாகவும் உயிரை அதில் ஏறுவதாகவும் பார்த்தார். யூனிகோட் 1991ல் வந்தபோது, நாகரி லிபியை மனத்தில் வைத்துச் செய்த இந்திய அரசின் பழைய தரத்தை அப்படியே எடுத்துக்கொண்டதால், உயிர்மெய் முதலாகவும் மெய் அதன் ஊனமாகவும் ஆகிவிட்டது. 2010ல் தமிழக அரசு எல்லா எழுத்துக்கும் தனி இடம் தருகிற ஒரு குறிமுறையையும் ஏற்று ஆணையிட்டது. அது பரவவில்லை. தோற்றவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் ஜெயித்ததில்தான் இன்று எல்லோரும் எழுதுகிறோம், இந்தக் கட்டுரை உட்பட. அந்த எழுத்துக்களை யந்திரத்துக்குள் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையை 1992 செப்டம்பரில் ஓர் உணவுவிடுதியில் ராப் பைக்கோடு உட்கார்ந்து வகுத்ததும் அதே கென் தாம்ஸன். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஒரு தமிழ்ச் சொல்லை லினக்ஸில் தேடும்போது தேடும் கையும் அவருடையது, தேடப்படும் சேமிப்பும் அவருடையது. அவர் தமிழை நினைத்திருக்க மாட்டார்.

ஏட்டுச் சுவடி இன்னொரு விதம். அதில் மெய்க்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரம் ஒன்று. காலும் ரகரமும் ஒன்று. ‘எரி’ என்று இருந்தால் நெருப்பா, நீர்நிலையா என்பதைச் செய்யுள்தான் சொல்லவேண்டும். சோழகங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு இது சின்ன வித்தியாசமல்ல. ஏட்டில் இருந்தது ஒரு வாசகமல்ல, பல வாசகங்கள் பொருந்தக்கூடிய ஒரு வடிவம். நாம் கேள்வியில் வைக்கிற புள்ளிகளை அவர்கள் பிரதியிலேயே வைத்திருந்தார்கள்.

*

நண்பரின் ஃபைல்களுக்கு வருகிறேன். அவர் மகன் எல்லாவற்றையும் ஒரு வட்டில் பிரதி எடுத்துக் கொடுத்தார். கருமாதி முடிந்த மறுநாள் எடுத்திருக்கிறார். சாதாரணமாகப் பிரதி எடுத்தால் ஃபைலுக்குப் பழைய தேதி போய்விடும். பிரதி எடுத்த நேரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபைண்டைக் கொண்டு, கடைசி ஆண்டில் எழுதியதைக் காட்டு என்றேன். முப்பது வருஷத்து எழுத்து அத்தனையும் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள் எழுதப்பட்டதாகச் சொல்லிற்று.

சரி, உள்ளே இருப்பதைத் தேடுவோம் என்று ‘செங்கணம்’ என்று கொடுத்தேன். ஒன்றுமில்லை. ‘காரிகை’, ஒன்றுமில்லை. சந்தேகப்பட்டு ‘அம்மா’ என்று கொடுத்தேன். முப்பது வருஷம் எழுதிய தமிழன் ஒரு தடவைகூட அம்மா என்று எழுதவில்லை என்றது யந்திரம்.

யூனிகோடுக்கு முந்தின எழுத்துரு. தொண்ணூறுகளில் டிடிபி வந்தபோது நாம் எல்லோரும் அப்படித்தான் அடித்தோம். யந்திரத்துக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. அதன்மேல் தமிழ் முகமூடி. பாமினியில் அம்மா என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. நான் அதை அப்படியே கட்டளையில் அடித்தேன். லினக்ஸுக்கு அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று அர்த்தம். அது அம்மாவை இரண்டாக வெட்டி, முன் பாதியைத் தேடப்போனது. பின் பாதியைப் பார்த்து இப்படியொரு கட்டளை கிடையாது என்றது. மேற்கோள் குறிக்குள் வைத்த பிறகுதான் அம்மா வந்தாள், நூற்றுக்கணக்கில்.

அந்த எழுத்துருவில் செ என்பது கொம்பு முன்னால், ச பின்னால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை, ஏட்டில் எழுத்தாணி போன வரிசை. யூனிகோடில் ச முன்னால், கொம்பு பின்னால். வாய் சொல்லுகிற வரிசை. கையை விட்டு வாய்க்கு மாறியதில் எவ்வளவு எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று என்பதை நம் சிறுபத்திரிகைக்காரர்கள் யோசிக்கவேண்டும். தொண்ணூறுகளின் இதழ்கள் அச்சிலாவது இருக்கின்றன. அச்சேறாதது? மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது வேறு குறிமுறையில் ஏற்றியதைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றிக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதற்கு ஆட்கள் இருந்தார்கள். 2000க்குப் பிறகு லினக்ஸைத் தமிழில் பேசவைக்க முயன்ற ஒரு குழுவின் பெயர் ழ கணினி. 1978ல் ஆத்மாநாம் தொடங்கிய பத்திரிகையின் பெயரும் ‘ழ’. அவர்களுக்கு இவரைத் தெரியுமோ என்னவோ. தமிழன் ஒன்றைத் தன்னுடையது என்று சொல்ல நினைத்தால் அந்த ஒரே எழுத்துக்குத்தான் போகிறான்.

*

முகமூடியை மாற்றிப் போட்டுத் தேடியதில் கட்டுரை கிடைத்தது. மூன்று பிரதிகள். மூன்றிலும் தொடக்கம் ஒன்று, முடிவு வேறு. ஒன்றில் அகராதி படிப்பைக் கொன்றது என்கிறார். ஒன்றில் அந்தப் பத்தியே இல்லை. மூன்றாவதில் அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி மட்டும். எது கடைசி? தேதி எல்லாவற்றுக்கும் ஒன்றே, கருமாதிக்கு மறுநாள்.

யூனிக்ஸில் ஃபைலும் அதன் பெயரும் ஒன்றல்ல. ஃபைல் ஓர் எண். பெயர் என்பது அந்த எண்ணைச் சுட்டுகிற ஓர் ஏடு. பாதை மாறலாம், ஃபைல் நகர்வதில்லை. தா.பழூரே அப்படித்தான். 1995 வரை திருச்சி மாவட்டத்தின் கீழ், பிறகு பெரம்பலூர், 2001ல் அரியலூர், 2002ல் மறுபடி பெரம்பலூர், 2007 நவம்பரிலிருந்து மீண்டும் அரியலூர். ஊர் ஓர் அடி நகரவில்லை. அழிப்பது என்பதும் பெயரை அறுப்பதுதான். பெயர் எல்லாம் போனபின் அந்த இடத்தை யந்திரம் வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். 1836ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கங்கைகொண்டசோழபுரத்து மதில் கற்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவற்றில் ஏதாவது எழுதியிருந்திருந்தால் அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, தண்ணீருக்குள், பெயரில்லாமல்.

லொகேட் என்று மூன்றாவது ஒரு கட்டளை. ஜேம்ஸ் வுட்ஸ் என்பவர் 1983ல் அதன் முறையை எழுதினார். ஃபைண்ட் போல அது நடப்பதில்லை. நாளுக்கொரு முறை யந்திரம் தன்னிடமுள்ள எல்லாப் பெயரையும் வரிசையாக எழுதிவைத்துக்கொள்ளும். முந்தின பெயரோடு எத்தனை எழுத்து ஒத்துப்போகிறதோ அதை எண்ணாக மட்டும் குறித்துச் சுருக்கிவிடும். கேட்டால் அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்லும். வேகம் அதிகம். ஆனால் அது சொல்வது நேற்றைய உலகம். மயிலை சீனி. வேங்கடசாமி 1959ல் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்க’ளும் அந்த வகைப் பட்டியல்தான், தகடூர் யாத்திரை என்று பெயர் இருக்கிறது, சில செய்யுள் இருக்கிறது, போய்ப் பார்த்தால் நூல் இல்லை.

சென்ற மாதம் தா.பழூர் போனேன். பழைய லாப்டாப் அலமாரிக்குள் இருந்தது. பிரதி எடுத்ததும் உள்ளே இருந்ததை மகன் துடைத்துவிட்டாராம், பேத்தி மகனுக்கு விளையாடக் கொடுக்கலாமென்று. பிறகு அதை யாரும் முடுக்கவில்லை. பாட்டரி செத்திருந்தது. மின்சாரத்தில் செருகி முடுக்கி, அது தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளுமுன் லொகேட்டுக்குச் செங்கணம் என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தேன். அவர் ஃபைல் பெயர்களை அப்படித்தான் வைப்பார். நான்கு வரி வந்தது. செங்கணம், செங்கணம் இரண்டு, செங்கணம் மூன்று. இவை என்னிடம் இருக்கின்றன. நாலாவது தனியாக வேறோர் அறைக்குள் இருந்திருக்கிறது. மகன் அந்த அறையைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அதன் பெயர், செங்கணம் அச்சுக்கு.

ஃபைண்டைக் கொண்டும் பார்த்தேன். மகன் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “கிடைச்சுதாங்கய்யா?” என்று கேட்டார். பெயர் கிடைத்தது என்றேன்.